அக்காவின் பெயரில் எழுதிய மருந்து

ஐம்பது வயதாக ஐந்து மாதம் இருக்கும்போது என் அக்கா சுபோதினி ஒரு மனநல மருத்துவரிடம் நோயாளியாகப் போனார். அவருக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை. பிரஷர் இல்லை, சீனி இல்லை, படுத்தால் இரண்டு நிமிடத்தில் குறட்டை. வருத்தம் அவருடைய இளைய மகள் கம்ஷிகாவுக்கு. மகளைக் கூட்டிக்கொண்டு போகப் பயந்து, மகளின் வருத்தத்தைத் தன்னுடையதென்று சொல்லி, மகளுக்கான மருந்தைத் தன் பெயரில் வாங்கி வந்தார். பக்கத்தில் இருந்து அதையெல்லாம் சிங்களத்தில் மொழிபெயர்த்தவள் நான். இதை முதலே சொல்லிவிடுகிறேன். பிறகு அக்காவை நான் திட்டும்போது, நான் ஏதோ தூரத்தில் நின்று பார்த்தவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அக்கா கெட்ட மனுசி அல்ல. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் யாராவது செத்தால் முதல் தேத்தண்ணிப் போத்தலோடு போவது அவர்தான். தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, யோகநாதன் அத்தானைக் கட்டி, அன்று முதல் அதே தொடர்மாடியில்தான் இருக்கிறார். இத்தனை வருடத்தில் அவருக்குச் சிங்களம் தேவைப்படவே இல்லை. மீன் தமிழில், மரக்கறி தமிழில், தையல்காரி தமிழில், கோயில் தமிழில். பஸ்ஸில் இறங்குவதற்கு ஒரு சொல், விலை கேட்பதற்கு ஒரு சொல், அவ்வளவுதான். நான் கலியாணம் கட்டாதவள். அவர்களுடைய வீட்டுச் சின்ன அறையில் இருக்கிறேன். நுகேகொடையில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் பதினான்கு வருடம் வேலை செய்ததில் எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு.

கலியாணம் பேசுபவர்கள் விசாரிப்பதற்கு அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் ஆட்களின் வழக்கம் அது. ஜாதகம் பொருந்தினால் மட்டும் போதாது. பெண் இருக்கும் தொடர்மாடியில் ஒருவரைப் பிடித்து, சுகம் விசாரிப்பதுபோல மெல்ல மெல்லக் கேட்டு அறிய வேண்டும். பிள்ளை எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறாள், தகப்பன் குடிப்பாரா, குடும்பத்தில் வருத்தம் ஏதும் ஓடுகிறதா. அக்கா பொய் சொல்ல மாட்டார். ஆறு வருடத்துக்கு முன் மூன்றாம் மாடியில் இருந்த ஒரு பிள்ளையைப் பற்றி லண்டனிலிருந்து கேட்டார்கள். “தங்கமான பிள்ளை. ஆனா மனவருத்தத்துக்கு மருந்து எடுத்தவள் எண்டு கேள்வி” என்றார் அக்கா. அந்தப் பேச்சு அதோடு முறிந்தது. அந்தக் குடும்பம் வீட்டை விற்றுவிட்டு வத்தளைக்குப் போனது. அக்கா அதைப் பாவமாக நினைக்கவில்லை, கேட்டவர்களுக்கு உள்ளதைச் சொன்னேன் என்றார். ஆகவே ஒரு சொல் ஒரு வீட்டை என்ன செய்யும் என்பது அக்காவுக்குத் தெரிந்த அளவுக்கு எங்கள் தொடர்மாடியில் வேறு யாருக்கும் தெரியாது.

கம்ஷிகா சின்ன வயதில் வாயாடி. எனக்கே பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவாள். பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான ஏ.எல். சோதனைக்கு உயிரியல் பிரிவு எடுத்த பிறகுதான் கதை குறைந்தது. முதல் தரம் சோதனை எழுதப் போனபோது பௌதிகவியல் தாளில் தன் சோதனைச் சுட்டெண்ணை எழுதியிருக்கிறாள். எழுதியது சரியா என்று அனுமதி அட்டையோடு ஒத்துப் பார்த்திருக்கிறாள். பிறகு இன்னொரு தரம், பிறகு இன்னொரு தரம். ஒரு மணித்தியாலம் அதிலேயே போய்விட்டது. பெறுபேறு வந்தபோது இரண்டு எஸ், ஒரு எஃப்; இரண்டில் மட்டுமட்டான தேர்ச்சி, ஒன்றில் தவறல். வீட்டில் யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. அடுத்த நாளே இரண்டாம் தரத்துக்கு டியூஷன் வகுப்பில் பெயர் கொடுத்தார்கள்.

முந்நூறு பிள்ளைகள் அடைந்திருக்கும் மண்டபம் அது. கம்ஷிகா கதவோரத்தில் இடம் பிடிப்பதற்காக ஒரு மணித்தியாலம் முன்னதாகப் போவாள். பிறகு வகுப்பின் பாதியில் எழும்பி வரத் தொடங்கினாள். கை விறைக்கிறது, மூச்சு எடுக்க முடியவில்லை, செத்துவிடுவேன் போல இருக்கிறது என்றாள். நெஞ்சைச் சோதித்தார்கள். எல்லாம் சரி என்று தாள் வந்தது. “நெஞ்சில ஒண்டும் இல்லையாம்” என்று அக்கா எல்லோருக்கும் சந்தோசமாகச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு மணிக்கணக்கில் இருந்தது. அழும் சத்தம் கேட்கக் கூடாதென்றுதான் தண்ணீர் ஓடியது. அவளுடைய புத்தகங்களை அடுக்கும்போது பக்கங்களுக்கிடையில் மயிர் கிடந்தது. காதுக்குப் பின்னால் ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருந்தாள்.

“நாங்கள் ஷெல்லடிக்குள்ள இருந்து படிச்சனாங்கள். இவைக்கு ஃபானுக்குக் கீழ இருந்து படிக்கப் பயமாம்” என்றார் அத்தான். ஷெல்லடிக்குள் இருந்து படித்த அத்தான் ஏ.எல்.லில் மூன்று பாடமும் கோட்டைவிட்டவர். அதை அக்கா அப்போது ஞாபகப்படுத்தவில்லை, நானும் வாயை மூடிக்கொண்டேன். கோயிலில் நூல் கட்டினார்கள். அந்த நூலையும் அவள் நுனி நுனியாகப் பிய்த்தாள்.

இந்த நேரத்தில்தான் மூத்தவள் நிருபாவுக்கு ரொறன்ரோ மாப்பிள்ளை சரிவந்தது. நல்ல பெடியன், நல்ல வேலை. ஆவணியில் கலியாணம். மாப்பிள்ளையின் பெரியம்மா இருப்பது ஹம்டன் ஒழுங்கையில், நாங்கள் மரக்கறி வாங்கும் கடையில்தான் அவரும் வாங்குவார். பிள்ளையை ஒரு மனநல டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று நான் சொன்னபோது அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து கதைத்தார்.

“கௌரி, உனக்கு விசர் பிடிச்சிட்டுதே? ஆராவது கண்டால்? தங்கச்சிக்கு அப்பிடியெண்டால் அக்காக்காரி எப்பிடியோ எண்டு கேக்க மாட்டினமே?”

“அப்ப பிள்ளை இப்பிடியே கிடக்கட்டோ?”

“ஆவணி மட்டும் பொறு. கலியாணம் முடியட்டும். பிறகு எந்த டொக்டரிட்டயும் கொண்டு போவம்.”

அப்போது பங்குனி. மூன்று நாள் நான் அக்காவோடு கதைக்கவில்லை. நான்காம் நாள் அவரே வந்தார். முகத்தில் ஒரு தெளிவு. நுகேகொடையில் என் ஒஃபிசுக்குப் பக்கத்தில் தமிழாக்கள் வராத இடமாகப் பார்த்து ஒரு டொக்டரைப் பதிவு செய்யச் சொன்னார். “என்ர பேரில” என்றார். “அவளுக்கு இருக்கிறதை எனக்கெண்டு சொல்லுவன். நீ சிங்களத்தில சொல்லு. வருத்தம் ஒண்டுதானே, மருந்தும் ஒண்டுதானே.” நான் ஒரு நிமிடம் யோசித்தேன். ஒன்றுமே இல்லாததற்கு இதாவது நடக்கட்டும் என்று ஒப்புக்கொண்டேன். எனக்கு அன்று புத்தி புல் மேயப் போயிருந்தது.

டொக்டர் நாற்பது வயது மதிக்கத்தக்க சிங்களப் பெண், நிதானமானவர், அவசரப்படுத்தாதவர். அக்கா வருத்தங்களை ஒரு பேக்கரி பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கைக்குள் வைத்திருந்தார். நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, கை விறைக்கிறது, ஆட்களைக் கண்டால் பயம், மயிரைப் பிடுங்குகிறேன். கடைசியில் சொன்னதைக் கேட்டு டொக்டர் அக்காவின் தலையைப் பார்த்தார். எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய, கை நிறைய இருந்த கொண்டை. “இப்போது நிறுத்திவிட்டாராம்” என்று நானே ஒன்றைச் சேர்த்தேன். எப்போது பயம் கூடுகிறது என்று டொக்டர் கேட்டபோது அக்கா, “சோதனை மண்டபத்துக்குள்ள போகேக்க” என்றார். சோதனை எழுதுவதுபோலக் கனவு காண்கிறாராம் என்று நான் மாற்றிச் சொன்னேன். வெளியே வந்து அதை நினைத்து இருவரும் சிரித்தோம் என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கடைசியாக டொக்டர் பேனையை வைத்துவிட்டு அக்காவை நேரே பார்த்து ஒரு கேள்வி கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

“சாகவேணும் போல நினைப்பு வாறதோ எண்டு கேக்கிறா.”

“சீச்சீ, எனக்கேன்? எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் இருக்கு” என்றார் அக்கா.

அதுவரை எல்லாக் கேள்விக்கும் மகளாக இருந்து பதில் சொன்ன அக்கா, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் தானாக இருந்து பதில் சொன்னார். எனக்கு அது உறைத்தது. உறைத்தும், இல்லையாம் என்றுதான் சிங்களத்தில் சொன்னேன். டொக்டர் அதை எழுதிக்கொண்டார். ஒரு ஆலோசகரோடு வாரம் ஒரு மணித்தியாலம் கதைத்தால் நல்லது என்றும் சொன்னார். வீட்டில் வேலை அதிகம், வர இயலாது என்று அக்கா சொல்லச் சொன்னார். ஒரு மணித்தியாலம் நடிக்க அவருக்குப் பயம்.

மருந்துப் பையில் அக்காவின் பெயரும் வயதும் எழுதியிருந்தன. அக்கா அந்தப் பையைக் கிழித்தெறியவில்லை. யாராவது கண்டால் தன்னுடையது என்று சொல்லலாம் என்று அலுமாரியில் பத்திரமாக வைத்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு குளிசையை எடுத்து மகளின் கையில் வைப்பார். கம்ஷிகா முதல் நாள் கேட்டாள்.

“என்னைப் பார்க்காமல் எப்பிடியம்மா மருந்து தந்தவ?”

“பெரிய டொக்டர் பிள்ளை. சொன்னாலே அவவுக்கு விளங்கும்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தொலைக்காட்சியைப் பார்த்தேன்.

இரண்டாம் முறை போனபோது, பெரிய மாற்றம் இல்லை என்று அக்கா சொன்னார். டொக்டர் அளவைக் கூட்டினார். மூன்றாம் முறை இன்னும் கூட்டினார். ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஒவ்வொரு முறையும் அக்கா சிரித்துக்கொண்டு இல்லை என்றார். ஒரு நாள் திரும்பி வரும் பஸ்ஸில் நான், “அதைப் பிள்ளையிட்ட ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ அக்கா” என்றேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அப்பிடியான கதையைக் கேட்டு நாங்களே பிள்ளையின்ர மனசில போடுறதே?” என்றார். அக்காவுக்குக் கேள்வியில் பயமில்லை, பதிலில்தான் பயம். அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை.

அளவு கூடிய பிறகு பிள்ளை ஓரிடத்தில் இருக்க மாட்டாள். விறாந்தையில் மேலும் கீழும் நடந்தாள். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தால் ததும்பியது. “உள்ளுக்க ஆரோ கலைச்சுத் துரத்துற மாதிரிக் கிடக்கு சித்தி” என்று ஒரு நாள் சொன்னாள். மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது, படுக்கையில் கிடந்தவள் எழும்பி நடக்கிறாள் என்று அக்கா சந்தோசப்பட்டார்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவும் அத்தானும் நிருபாவும் கூறைச்சேலை பார்க்கப் போயிருந்தார்கள். நான் மத்தியானம் கடைக்குப் போய்த் திரும்பி வந்தேன். அந்த இடைவெளியில் கம்ஷிகா தன் உயிரை முடித்துக்கொள்ளப் பார்த்திருந்தாள். எப்படி என்று எழுதப் போவதில்லை. அந்த விபரம் யாருக்கும் நன்மை செய்யாது. நான் போட்ட சத்தத்துக்கு முன்வீட்டு ஸமீமா வெறுங்காலோடு ஓடி வந்தார். அவருடைய மருமகனின் வாகனத்தில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழிநெடுகப் பிள்ளையின் தலை ஸமீமாவின் மடியில் கிடந்தது. யார் கண்ணிலும் படக் கூடாதென்று நாங்கள் மூன்று மாதம் ஒளித்தோமே, அந்த அயலட்டைதான் அன்று எங்களைத் தாங்கியது. இன்றுவரை ஸமீமா இதைப் பற்றி ஒருவரிடமும் ஒரு சொல் கதைத்ததில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் பிள்ளையை உள்ளே கொண்டு போனார்கள். அக்கா கூறைச்சேலைக் கடையிலிருந்து நேரே வந்து சேர்ந்தார். ஒரு இளம் டொக்டர் வெளியே வந்து சிங்களத்தில் கேட்டார்: பிள்ளை இதற்கு முன் ஏதாவது மருந்து எடுத்தாளா, யாரிடமாவது காட்டினீர்களா.

நான் அதை அக்காவுக்குச் சொல்லும் முன்பே அவருக்கு விளங்கிவிட்டது. என் கையை இறுக்கிப் பிடித்தார்.

“இல்லை எண்டு சொல்லு கௌரி. அந்தக் குளிசை என்ர எண்டு சொல்லு. சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை எண்டு சொல்லு.”

நான் டொக்டரின் பக்கம் திரும்பினேன். பங்குனியிலிருந்து நடந்த எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னேன். யாருடைய பெயரில் போனோம், யார் நடித்தார், யார் மொழிபெயர்த்தார், எத்தனை தரம் அளவு கூட்டினார்கள், அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னோம். டொக்டர் ஒரு கட்டத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அக்காவுக்குச் சிங்களம் தெரியாதுதான். ஆனால் தன் பெயர் விளங்கியது, நுகேகொடை விளங்கியது, என் விரல் தன்னைக் காட்டியது விளங்கியது. என் கையை விட்டுவிட்டுப் போய்ச் சுவரோரம் கிடந்த வாங்கில் உட்கார்ந்தார்.

உயிர் தப்பியது. அடுத்த நாள் அந்த ஆஸ்பத்திரியின் மனநல டொக்டர் எங்களைக் கூப்பிட்டார். வயதானவர், குரலை உயர்த்தாமல் கதைத்தார். இந்த மருந்து கெட்ட மருந்து அல்ல, இவளுக்கு மருந்து தேவைதான் என்றார். ஆனால் இருபது வயதுப் பிள்ளைக்கு இதைத் தொடங்கும்போது ஆரம்ப வாரங்களிலும், அளவு கூட்டும் ஒவ்வொரு முறையும், பதற்றமும் சாக வேண்டும் என்ற நினைப்பும் கூடலாம்; அதனால் கிழமைக்குக் கிழமை ஆளை நேரே பார்த்துக் கேட்க வேண்டும் என்றார். “ஐம்பது வயது அம்மாவைப் பார்த்துத்தானே அந்த டொக்டர் அளவைக் கூட்டியிருக்கிறார். இந்தப் பிள்ளையை யாருமே பார்க்கவில்லை” என்றார். நான் அதை ஒரு சொல் விடாமல் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அக்கா சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு குனிந்தார். எனக்கு அவர்மேல் பரிதாபம் வரவில்லை. அன்று வரவில்லை.

வெளியே விறாந்தையில் நிருபா நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. “உன்ர கலியாணத்துக்காகத்தானே பிள்ளை இவ்வளவும் செய்தனான்” என்றார் அக்கா அவளிடம்.

“அவருக்குத் தெரியும் அம்மா” என்றாள் நிருபா. “தங்கச்சிக்கு இப்பிடி எண்டு நான் சித்திரையிலயே சொன்னனான். நல்ல டொக்டரிட்டக் காட்டுறீங்களோ எண்டு மட்டும்தான் கேட்டவர்.”

“ஏனடி என்னட்டச் சொல்லேல்லை?”

“சொன்னா நீங்கள் கலியாணப் பேச்சையே நிப்பாட்டிப் போடுவீங்கள் எண்டு பயந்தனான்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம் என்று நினைத்திருந்தோம். மாப்பிள்ளை அதை முன்னமே அறிந்தும் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறார். ஆளுக்கொரு பயம், ஆளுக்கொரு மறைப்பு. நடுவில் பிள்ளை தனியே கிடந்திருக்கிறாள். அக்கா அதன் பிறகு வீட்டுக்குப் போய் உடுப்பு எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வார்டுக்குப் போனேன். பின்னேரம், ஆட்கள் பார்க்க வரும் நேரம். கம்ஷிகா சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன், வாங்கவில்லை. என் மனம் அக்காவைத் திட்டிக்கொண்டேதான் இருந்தது. அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து அதையே வாயால் சொன்னேன்.

“அம்மா செய்தது பெரிய பிழை பிள்ளை. உன்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்க வேணும்.”

அவள் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே கதைத்தாள்.

“அம்மா பயந்தவ சித்தி. அவவால கேக்க ஏலாது, அது எனக்குத் தெரியும்.” காலையில் அந்த வயதான டொக்டர் அவளிடமும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். “நீங்கள்தானே அந்தக் கேள்வியைத் தமிழில சொன்ன ஆள். ஒவ்வொரு மாசமும் அம்மாட்டக் கேட்டனீங்கள். பக்கத்து அறையிலதானே நான் படுத்தனான். ஏன் என்னட்ட வந்து கேக்கேல்லை?”

இரண்டு மொழி தெரிந்த வாய் இது. அக்காவைக் குற்றம் சொல்லி இந்தக் கதையை இவ்வளவு தூரம் கொண்டு வந்தேன். அந்தக் கேள்வி மூன்று தரம் என் வாயால் வந்தது, மூன்று தரமும் அதைத் தவறான ஆளிடம் கேட்டேன். அவளுடைய அறைக்கும் என் அறைக்கும் இடையில் பத்து அடிதான் இருந்தது.

கட்டிலின் மறுபக்கம் போய் அவள் முகம் தெரியும்படி குனிந்து இருந்தேன்.

“இப்ப கேக்கிறன் பிள்ளை. இப்பவும் சாகவேணும் போல இருக்கோ?”

அவள் இந்தமுறை முகத்தைத் திருப்பவில்லை.

“ஓம் சித்தி” என்றாள்.

நான் எழும்பிப் போய் டொக்டரைக் கூட்டி வந்து, அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.